விரைந்து கற்ற விரல்கள்

தலைமுடியின் பருமனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே உள்ள தங்கக் கம்பியை, சிலிக்கன் சில்லின் விளிம்பிலுள்ள நுண்ணிய திட்டிலிருந்து அச்சில்லைத் தாங்கும் உலோகச் சட்டத்தின் கால் ஒன்றுக்கு, நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்தபடியே இணைப்பது, 1970களில் பினாங்குத் தீவின் தென்கிழக்கிலுள்ள பாயான் லெப்பாஸில் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் நாள்தோறும் செய்துவந்த வேலையாகும். அதற்காக அவர்களுக்கு அளிக்கப்பட்ட பயிற்சி பெரும்பாலும் சில வாரங்களைத் தாண்டியதில்லை. சில வாரங்களில் கற்றுக்கொள்ள முடிந்ததாலேயே அது திறன் தேவைப்படாத வேலை என்று வகைப்படுத்தப்பட்டது. கூலியும் அந்த வகைப்பாட்டுக்கு ஏற்பவே அமைந்தது. அரை நூற்றாண்டு கழிந்து, செயற்கை நுண்ணறிவுத் துறையில் மதிப்பீடு தலைகீழாக இருக்கிறது: ஒரு புதிய வேலையை ஓரிரு எடுத்துக்காட்டுகளைக் கண்ட அளவிலேயே கற்றுக்கொள்ளும் இயந்திரம் அத்துறையின் பெருங்கனவுகளுள் ஒன்று, அக்கனவுக்கு மீகற்றல், அதாவது கற்பதையே கற்றல், என்று பெயர். விரைந்து கற்கும் ஆற்றல் பெண்ணின் கையில் இருந்தபோது மலிவாகவும், இயந்திரத்துக்கு வாய்க்கும்போது அரிதாகவும் எண்ணப்படுவதற்கான காரணத்தைத் தேடினால், இரண்டு இடங்களிலும் ஒரே பொருள் கணக்கில் வராமல் போயிருப்பது தெரியவரும். புதிய வேலைக்கு முன்பே நடந்து முடிந்துவிட்ட நெடிய பழைய கற்றலே அப்பொருள்.

பாயான் லெப்பாஸ் இன்று விமான நிலையத்தாலும் தொழிற்பேட்டையாலும் அறியப்படும் இடம்; அதற்கு முன்பு அது பெரும்பாலும் வயல்வெளியாகவும் சிற்றூர்களாகவும் இருந்தது. பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுன் தன் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதியை இழந்து, வேலையின்மை பெருகியிருந்த 1969ஆம் ஆண்டில் முதலமைச்சரான லிம் சோங் யூ, அவ்வாண்டே நிறுவப்பட்ட பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தின் வழியாக வெளிநாட்டு மின்னணு நிறுவனங்களைத் தேடிச்சென்று அழைத்துவந்தார். 1972ஆம் ஆண்டில் சுதந்திர வர்த்தக மண்டலம் தொடங்கியது. இன்டெல், ஏ.எம்.டி., ஹியூலெட் பேக்கர்ட், நேஷனல் செமிகண்டக்டர், லிட்ரானிக்ஸ், ஹிட்டாச்சி, கிளாரியன், ராபர்ட் போஷ் ஆகிய முதல் எட்டு நிறுவனங்களையும் பினாங்கு மக்கள் 'எட்டுச் சாமுராய்கள்' என்று இன்றும் குறிப்பிடுகின்றனர். இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தொடங்கிய முதல் இணைப்பு ஆலை இங்கேதான் எழுந்தது. சாமுராய்கள் எட்டுப் பேர் என்று எண்ணி வைத்திருக்கும் வரலாறு, அவர்களுடைய வாளாக இருந்த பெண்களின் எண்ணிக்கையை அவ்வளவு அக்கறையுடன் நினைவில் வைக்கவில்லை.

கம்பங்கள் எனப்படும் மலாய்ச் சிற்றூர்களிலிருந்தும், நகரத்துச் சீனக் குடும்பங்களிலிருந்தும், தோட்டப்புறத் தமிழ்க் குடும்பங்களிலிருந்தும் வந்த அப்பெண்கள் ஆலைப் பேருந்துகளில் ஏறி மூன்று ஷிஃப்டுகளிலும் வேலைக்குச் சென்றனர். 1985இல் பினாங்குப் பாலம் திறக்கப்படும்வரை, பெருநிலத்திலிருந்து தீவுக்கு வர பட்டர்வொர்த் படகுத்துறையே வழியாக இருந்தது. இரவுப் பத்து மணிக்கும் அதிகாலை ஐந்து மணிக்கும் இடையே தொழிற்சாலைகளில் பெண்களை வேலைக்கு அமர்த்தக் கூடாது என்று 1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம் கூறியபோதிலும், ஷிஃப்டு முறையில் இயங்கிய ஆலைகள் விதிவிலக்குப் பெற்றிருந்தமையால் அக்காப்பு ஏட்டளவில் நின்றது. மின்னணுத் தொழிலாளர் தங்களுக்கென்று தொழிற்சங்கம் அமைக்க நெடுங்காலம் இசைவு இல்லை. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் உள்ளேயே தனிச்சங்கம் வைத்துக்கொள்ளலாம் என்ற அளவிலான தளர்வு 1988இல் வந்தது, வட்டார அளவிலான சங்கங்களுக்கோ 2009வரை காத்திருக்க நேர்ந்தது. ஊர் அவர்களுக்கு ஒரு பெயரும் சூட்டியது: 'மினா காரான்'. மினா என்பது மலாய்ப் பெண்பெயர். காரான் என்பது நாம் கரண்ட் என்று சொல்லும் அதே ஆங்கிலச் சொல்லின் மலாய் வடிவம். மின்சாரப் பெண் என்ற இச்சொல் பாராட்டாகப் பிறக்கவில்லை. வீட்டைவிட்டு வெளியேறித் தன் சம்பளத்தைத் தானே கையில் வாங்கிய பெண்ணின் ஒழுக்கத்தை ஐயுறும் ஏளனமாகவே அது நெடுநாள் வழங்கியது.

இப்பெண்கள் ஏன் இவ்வளவு விரைவாகக் கற்றார்கள் என்ற கேள்விக்கு அக்காலத்தில் ஓர் ஆயத்த விடை இருந்தது: அது பிறவிக் குணம். வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்காக மலேசிய அரசு வெளியிட்ட விளம்பர ஏடு ஒன்று, கீழைநாட்டுப் பெண்ணின் கைகள் சிறியவை, அவள் விரைவாகவும் கவனமாகவும் வேலை செய்பவள், இணைப்பு வரிசைக்கு இயற்கையாலேயே பொருந்துபவள் என்று பொருள்படப் பேசியது. இவ்வேட்டை எடுத்துக்காட்டிய டயான் எல்சன், ரூத் பியர்சன் என்ற இரு பெண் ஆய்வாளர்கள், 1981இல் எழுதிய கட்டுரையில் அந்த விடையை வேரோடு பெயர்த்தனர். விரல் லாவகம் பிறப்பில் வருவதன்று. சிறுவயது முதல் தாயும் பாட்டியும் வீட்டுப் பெண்களும் தையலிலும் அதையொத்த நுண்பணிகளிலும் பழக்கிப் பழக்கி உருவாக்கியது அது. ஆலைக்குள் நுழையும் பெண் ஏற்கெனவே பயிற்சி முடித்தவளாகவே நுழைகிறாள். ஆனால், அப்பயிற்சி பள்ளியிலோ தொழிற்கூடத்திலோ நடவாமல் வீட்டில் நடந்ததாலும், அதற்குச் சான்றிதழோ கட்டணமோ இல்லாததாலும், அது பயிற்சியாகவே தோன்றாமல் இயல்பாகத் தோன்றுகிறது; இயல்பு என்றாகிவிட்ட எதற்கும் விலை கொடுக்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை.

தோட்டத்தில் வளர்ந்த தமிழ்ப் பெண்ணுக்கு இவ்வாதம் இன்னும் நன்றாகவே பொருந்தும். பால்மரம் எனப்படும் ரப்பர் மரத்தைச் சீவுவதில் கத்தி பட்டைக்குள் போதிய ஆழம் இறங்காவிட்டால் பால் வடியாது. சற்றே மிகுதியாக இறங்கினால் பட்டைக்குக் கீழுள்ள வளர்படலம் காயப்பட்டு மரம் கெடும். விடியலின் மங்கிய வெளிச்சத்தில், மில்லிமீட்டர்க் கணக்கான அவ்வேறுபாட்டைக் கையுணர்விலேயே அளந்து நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவிய குடும்பத்தில் பிறந்தவள், நுண்ணோக்கியின் முன் அமர்ந்தபோது வெறுங்கையுடன் அமரவில்லை.

மீகற்றல் என்ற கருத்தின் உள்ளடக்கமும் ஏறத்தாழ இதுவே. இயந்திரக் கற்றலில் இன்று பெரிதும் பயன்படும் நரம்பு வலையமைப்பு என்பது, அடிப்படையில், பல இலட்சம் எண்களின் தொகுதி. ஒரு படத்தைக் காட்டி அது என்னவென்று கேட்டால், அவ்வெண்களின் வழியே கணக்கிட்டு வலையமைப்பு ஒரு விடை தரும். விடை தவறானால், தவறு குறையும் திசையில் எண்கள் சிறிது நகர்த்தப்படும். இப்படி ஆயிரக்கணக்கான, சிலவேளை இலட்சக்கணக்கான எடுத்துக்காட்டுகளில் நகர்த்தி நகர்த்தியே இயந்திரம் கற்கிறது. வழக்கமான முறையில் இந்த எண்கள் தற்செயலான மதிப்புகளில் தொடங்குகின்றன. ஒவ்வொரு புதிய வேலைக்கும் இயந்திரம் பச்சைக் குழந்தையாகப் பிறக்கிறது. ஒரு வேலையை மட்டும் கற்காமல், பல வேலைகளைக் கற்ற பட்டறிவிலிருந்து அடுத்த வேலையை எப்படிக் கற்பது என்பதையும் இயந்திரம் கற்குமானால் இந்த வீண்செலவு குறையும் என்பதே மீகற்றலின் வாக்குறுதி.

உயிரிகளிடம் இது நிகழ்வதை, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஹாரி ஹார்லோ 1949இல் காட்டினார். இரண்டு பொருள்களை வைத்து, அவற்றுள் ஒன்றன் அடியில் மட்டும் உணவை ஒளித்து, குரங்கு சரியானதைத் தேர்கிறதா என்று பார்ப்பது அவருடைய சோதனை. பொருள்களை மாற்றி மாற்றி நூற்றுக்கணக்கான புதிர்களைத் தந்த பின், குரங்குகள் எந்தப் புதிய இணையைக் கண்டாலும் முதல் முயற்சியில் கிடைத்த செய்தியைக் கொண்டே இரண்டாம் முயற்சியில் பெரும்பாலும் சரியாகத் தேர்ந்தன. அந்தக் கடைசிப் புதிரை மட்டும் பார்ப்பவருக்கு அது மேதைக் குரங்காகத் தெரியும். கணினித் துறையில் யூர்கன் ஷ்மிட்ஹூபர் 1987இல் தம் பட்ட ஆய்வேட்டில் இத்தகைய எண்ணத்தை வளர்த்தார். 'கற்பதற்குக் கற்றல்' என்ற பெயரிலேயே 1998இல் வெளிவந்த தொகைநூலைச் செபாஸ்டியன் த்ரனுடன் சேர்ந்து பதிப்பித்தவர் லோரியன் பிராட் என்ற பெண். ஒரு வேலையில் பயின்ற வலையமைப்பின் அறிவை மற்றொன்றுக்கு மாற்றித் தருவது பற்றி 1990களின் தொடக்கத்திலேயே ஆராய்ந்தவர் அவர்.

இன்று இத்துறையில் பரவலாக எடுத்தாளப்படும் முறை 2017இல் வந்தது. அப்போது கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஆய்வு மாணவியாக இருந்த செல்சி ஃபின், தம் நெறியாளர்களான பீட்டர் அபீல், செர்கே லெவின் ஆகியோருடன் வெளியிட்ட அம்முறையின் சுருக்கப்பெயர் 'மாமல்'. அதன் மையக் கருத்தைப் பினாங்குக்காரர்களுக்கு எளிதாக விளக்கலாம். ஒரு பயணி எந்த ஊருக்குப் போக வேண்டியிருக்கும் என்பது முன்கூட்டித் தெரியாது. ஆனால், எந்த ஊரானாலும் அதிக நேரம் ஆகாமல் போய்ச்சேர வேண்டும். அப்படியானால் அவர் காத்திருக்க ஏற்ற இடம் பாயான் லெப்பாஸோ பத்து பெரிங்கியோ அன்று, பல வழித்தடப் பேருந்துகளும் வந்து கூடும் கொம்தார் நிலையமே. மாமல் முறை வலையமைப்பின் எண்களுக்கு இத்தகைய ஒரு கொம்தாரைத் தேடுகிறது: உள்வட்டத்தில், ஒவ்வொரு பயிற்சி வேலைக்கும் ஓரிரு அடிகள் நகர்ந்து பார்க்கிறது, வெளிவட்டத்தில், அந்த ஓரிரு அடிகளுக்குப் பின் எஞ்சும் தவறு எல்லா வேலைகளுக்கும் சேர்த்துக் குறையுமாறு தொடக்கப் புள்ளியையே நகர்த்துகிறது. இவ்வாய்வை உள்ளடக்கிய முனைவர் பட்ட ஏட்டுக்காக ஃபின் கணினியியலில் உயரிய ஆய்வேட்டுப் பரிசுகளுள் ஒன்றைப் பெற்றார்.

இம்முறையைச் சோதிக்கப் பயன்பட்ட தரவுத் தொகுதிகளுள் ஒன்று, பிரெண்டன் லேக் என்ற அறிவியலாளரும் அவருடைய தோழர்களும் உருவாக்கிய 'ஓம்னிக்ளாட்'. உலகின் 50 எழுத்து முறைகளிலிருந்து 1,623 எழுத்துகளை, ஒவ்வொன்றையும் 20 பேர் கையால் வரைந்து சேர்த்த இத்தொகுதியில், பினாங்கின் பெயர்ப்பலகைகளில் காணப்படும் மலாய் ஜாவி எழுத்து இருக்கிறது, கிரந்தம் இருக்கிறது, கன்னடமும் மலையாளமும் இருக்கின்றன, கற்பனைக் கதைகளுக்காகப் புனையப்பட்ட எழுத்துகள்கூட இருக்கின்றன, தமிழ் இல்லை. முன்பின் காணாத ஐந்து எழுத்துகளுக்கு எழுத்துக்கு ஒரே மாதிரியைக் காட்டிவிட்டு, புதிய கையெழுத்து ஒன்று அவற்றுள் எது என்று கேட்டபோது மாமல் நூற்றுக்கு 98.7 முறை சரியாகச் சொன்னது. இதே சோதனையை நாய், பறவை, பாத்திரம் போன்ற உண்மையுலகப் படங்களுடன் நடத்தியபோது வெற்றி 48.7 விழுக்காடாகச் சரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே 20 விழுக்காடு கிடைக்கும் என்பதையும் சேர்த்தே இவ்வெண்ணைப் படிக்க வேண்டும். வாக்குறுதி பெரிது, ஆனால் அது பழக்கப்பட்ட நிலத்தின் எல்லைக்குள்தான் எளிதில் நிறைவேறுகிறது.

அதைவிடச் சுவையான கண்டுபிடிப்பு பிறகு வந்தது. அனிருத் ரகு, மைத்ரா ரகு, சாமி பெஞ்சியோ, ஓரியால் வின்யால்ஸ் ஆகியோர், மாமல் முறையில் வெற்றி உண்மையில் எங்கிருந்து வருகிறது என்று 2020இல் வெளியான ஆய்வில் பிரித்துப் பார்த்தனர். புதிய வேலையைக் கண்டவுடன் வலையமைப்பு தன்னை மின்னல் வேகத்தில் மாற்றிக்கொள்கிறதா, அல்லது முன்பே கற்றுவைத்த கூறுகளை எடுத்துப் பயன்படுத்துகிறதா என்பதே கேள்வி. கடைசி அடுக்கைத் தவிர மற்ற அடுக்குகள் எல்லாவற்றையும் புதிய வேலைக்காகத் தொடாமலே விட்டுவிட்டாலும் விளைவு ஏறக்குறைய குறையவில்லை. விரைந்து கற்பதாகத் தோன்றியது பெரும்பாலும் முன்பே கற்றதன் மறுபயன்பாடே. எல்சனும் பியர்சனும் ஆலைப் பெண்களைப் பற்றி 1981இல் சொன்னதும், இவ்வாய்வாளர்கள் எண்களின் அடுக்குகளைப் பற்றி 2020இல் சொன்னதும், வேறு வேறு அறிவுத்துறைகளிலிருந்து வந்து ஒரே இடத்தில் நிற்பது தற்செயலாகவே இருக்கலாம். ஆயினும் அந்தத் தற்செயல் எண்ணிப்பார்க்கத் தக்கது.

தமிழ் வாசகருக்கு இதற்கு இன்னும் நெருக்கமான சான்று வாசலிலேயே இருக்கிறது. புள்ளிக் கோலம் பழகிய பெண், தான் அதுவரை போட்டிராத கோலத்தை ஒருமுறை பார்த்தவுடன் மறுநாள் தன் வாசலில் போட்டுவிடுவதற்குக் காரணம், புள்ளிகளை வரிசையிடுவது, இழையை வளைப்பது, ஒரு கூறைத் திருப்பித் திருப்பிப் பெருக்குவது ஆகிய பொது விதிகள் நூறு கோலங்களின் வழியாக அவள் கையில் ஏற்கெனவே படிந்திருப்பதே. இவ்விதிகள் கணினி மொழியியலின் கருவிகளால் எழுதத் தக்கவை என்பதைத் தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சார்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருதிவாசனும் 1974இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர். பாயான் லெப்பாஸில் முதல் ஆலைகள் ஓடத் தொடங்கிய அதே காலம் அது. மூவருள் இருவர் பெண்கள் என்பதும், கோலம் போட்ட பெண்களைத் தகவல் தருபவர்களாக மட்டும் கருதாமல் ஒரு முறையான அறிவின் உடைமையாளர்களாக அவ்வாய்வு வைத்துப் பார்த்தது என்பதும் குறிப்பிடத் தக்கவை. அந்த ஆய்வு மரபில் வந்த கே. ஜி. சுப்பிரமணியன், பின்னாளில் பாயான் லெப்பாஸுக்கு வடக்கே சற்றுத் தொலைவில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, பட இலக்கணங்களைப் பற்றிய ஆய்வை அங்கும் தொடர்ந்தார்.

இயந்திரத்தின் முன்கற்றலுக்கும் தாயும் பாட்டியும் உண்டு. மாமல் 48.7 விழுக்காடு பெற்ற அந்தப் படச்சோதனை, ஃபே-ஃபே லீ என்ற பெண் அறிவியலாளரின் தலைமையில் 2009இல் வெளிவந்த 'இமேஜ்நெட்' என்ற பெருந்தொகுதியிலிருந்து எடுத்த சிறு பகுதி. அதிலுள்ள ஏறத்தாழ 1.4 கோடிப் படங்களுக்கும் இது நாய், இது குடை என்று பெயரிட்டவர்கள், 167 நாடுகளிலிருந்து இணையவழியில் துண்டுக்கூலிக்கு வேலை செய்த ஏறக்குறைய 49,000 பேர். ஒரே படத்தைப் பார்த்துக் கற்கும் இயந்திரம் என்ற சொற்றொடரில் அவர்கள் இல்லை. தமிழ்நாட்டின் சிற்றூர்களிலும் இத்தகைய பணி இன்று நடக்கிறது. ஊரகப் பகுதிகளில் அலுவலகம் அமைத்த டெசிக்ரூ போன்ற நிறுவனங்களில் படங்களுக்கும் பேச்சுப் பதிவுகளுக்கும் குறியிடுபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கல்லூரி முடித்தும் ஊரைவிட்டு வெளியேற வழியில்லாத பெண்ணுக்கு அது நல்ல வேலையே என்பதை மறுப்பதற்கில்லை. பாயான் லெப்பாஸின் ஆலைவேலையும் பலருக்கு அப்படியே இருந்தது, அந்தச் சம்பளத்தில் தம்பி தங்கையரைப் படிக்க வைத்தவர்கள் அதை ஏளனமாகப் பேசமாட்டார்கள்.

பாயான் லெப்பாஸிலோ, கம்பியிணைப்பு வெகுகாலத்துக்கு முன்பே தானியங்கிப் பொறிகளுக்கு மாறிவிட்டது. 1985ஆம் ஆண்டின் பொருளாதாரத் தேக்கத்தில் ஆட்குறைப்பு நடந்தது. தொழில் மீண்டபோது, கம்பியை இணைத்த பெண்ணின் இடத்தில் பல பொறிகளை ஒருங்கே கவனிக்கும் ஓப்பரேட்டர் இருந்தார். 1989இல் அரசும் தொழில் நிறுவனங்களும் கல்வியாளர்களும் சேர்ந்து தொடங்கிய பினாங்கு திறன் மேம்பாட்டு மையம் இம்மாற்றத்துக்கு ஆட்களைப் பழக்கியது. நுண்ணோக்கி வழியாகப் பிழை தேடும் வேலையையும் இன்று பெரும்பாலும் ஒளிக்கருவிகளே செய்கின்றன. அத்தகைய கருவிகளை வடிவமைத்து விற்கும் வைட்ராக்ஸ் போன்ற உள்நாட்டு நிறுவனங்களும் பினாங்கில் வளர்ந்துள்ளன.

மீகற்றல் இங்கே ஏன் வேண்டப்படுகிறது என்பது பிழைதேடும் வேலையின் இயல்பிலேயே இருக்கிறது. நன்றாக நடக்கும் ஆலையில் பழுதான சில்லு அரிது. எனவே பழுதின் படமும் அரிது. இயந்திரம் வழக்கமான முறையில் கற்பதற்கு ஆயிரம் கீறல் படங்கள் தேவையென்றால், அவை சேரும்வரை ஆலை காத்திருக்காது, அதற்குள் தயாரிப்பே மாறிவிடும். புதிய வடிவச் சில்லுடன் புதிய வகைப் பழுதும் வரும். இதுவரை பார்த்த பல தயாரிப்புகளின் பல பழுதுகளிலிருந்து ஒரு நல்ல தொடக்கப் புள்ளியைப் பெற்று, புதிய பழுதின் ஐந்து படங்களிலேயே அதை அடையாளம் காணும் கருவி, இந்த இக்கட்டுக்கு நேரான விடை. அக்கருவி பழுதைத் தவறவிட்டால் கெட்ட பொருள் வெளியே போகும். மிகுதியாக ஐயுற்றால் நல்ல பொருள் குப்பைக்குப் போகும். ஆகவே, கருவி ஐயுற்றதை மனிதக் கண் மீண்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் ஓர் இருக்கை இத்தகைய வரிசைகளில் வைக்கப்படுகிறது. இது தூசியா கீறலா, துடைத்தால் போகுமா போகாதா என்று அவ்விருக்கையில் ஒரு நொடியில் முடிவு செய்பவரின் கண்ணுக்குப் பின்னால் ஆண்டுக்கணக்கான பார்வை இருக்கிறது. இயந்திரத்துக்கு ஊட்டப்படும் அந்த ஐந்து படங்கள் எவை என்பதை முடிவு செய்வதும் அந்தக் கண்ணே. எடுத்துக்காட்டுகள் குறையக் குறைய, ஒவ்வொன்றின் எடையும் கூடுகிறது: ஆயிரம் படங்களில் பத்துத் தவறாகக் குறிக்கப்பட்டாலும் இயந்திரம் தாங்கிக்கொள்ளும், ஐந்தில் ஒன்று தவறானால் தாங்காது. எனவே மீகற்றல் பரவும் ஆலையில், பழுதைப் பார்த்துப் பழகிய தொழிலாளியின் அறிவு முன்னைவிட விலைமதிப்புள்ளதாக ஆகவேண்டும் என்பதே கணக்கு.

கணக்கு அப்படியிருக்க, நடைமுறை அதைப் பின்பற்றுமா என்பது பொறியியலின் கையில் இல்லை. பெண்களின் இரவுவேலைக்குத் தடைவிதித்த பழைய பிரிவு, 2023ஆம் ஆண்டின் முதல் நாளில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தால் நீக்கப்பட்டது. விதிவிலக்கே விதியாகி அரை நூற்றாண்டு ஆனபின் சட்டம் ஆலையின் கடிகாரத்தை எட்டிப்பிடித்தது. 2021இன் இறுதியில் இன்டெல் 3,000 கோடி ரிங்கிட் அளவிலான புதிய முதலீட்டைப் பினாங்குக்கு அறிவித்தது. 2024 மே மாதத்தில் மலேசிய அரசு அறிவித்த தேசியக் குறைகடத்தி வியூகம், 60,000 பொறியாளர்களைப் பயிற்றுவிப்பதை இலக்காகக் கொண்டுள்ளது. ஆலைப் பெண்ணின் மகளோ பேத்தியோ அவ்வெண்ணிக்கையில் ஒருவராக வடிவமைப்பு மேசையில் அமர்வதற்கான வழி இன்று 1972இல் இருந்ததைவிட அகலமானது என்பதில் ஐயமில்லை. வரிசையின் கடைசியில், திரையில் வந்து நிற்கும் படத்தைப் பார்த்து நல்லது, கெட்டது என்று இரண்டு பொத்தான்களுள் ஒன்றை அழுத்துபவரின் பதவிப் பெயரோ இன்றும் ஓப்பரேட்டர்தான். அவர் அழுத்தும் ஒவ்வொரு முறையும், பெயரிடப்பட்ட எடுத்துக்காட்டு ஒன்று இயந்திரத்தின் பாடப்புத்தகத்தில் சேர்ந்துகொண்டிருக்கிறது.